ஸ்காப்பா ஃப்ளோ: முதல் டைவே மார்க்கிராஃபில் வேண்டாம்

நீங்கள் புதுச்சேரியில் ஸ்கூபா கற்று, அந்தமானில் 30 மீட்டர் வரை இறங்கிப் பழகியவர். அட்வான்ஸ்ட் சான்றிதழ் இருக்கிறது, ட்ரைசூட் என்ற, உள்ளே தண்ணீர் புகாத குளிர்நீர் உடை போட்டதில்லை. வேலைக்காக எடின்பரோ வந்து சேர்ந்திருக்கிறீர்கள். வரும் ஜூனில் நண்பர்கள் சிலர் ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள ஆர்க்னித் தீவுகளுக்குப் போய், ஸ்காப்பா ஃப்ளோவில் மூழ்கிக் கிடக்கும் ஜெர்மானியப் போர்க்கப்பல்களைப் பார்க்கப் போகிறார்கள். கூடப் போகலாமா, மார்க்கிராஃப் கப்பலைப் பார்க்க முடியுமா, குளிருக்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்காப்பா ஃப்ளோவுக்குக் கட்டாயம் போங்கள். உலகில் கப்பற்சிதைவு பார்க்கிற ஆசை உள்ள எவரும் ஒருமுறையாவது இறங்க வேண்டிய இடம் அது. ஆனால் ட்ரைசூட்டில் ஒரு பருவமாவது ஸ்காட்லாந்துத் தண்ணீரில் இறங்கிய பிறகு போங்கள். போனதும் பெரிய போர்க்கப்பல்களைவிடச் சிறியவையான இலகுரக குரூசர்களிலிருந்து தொடங்குங்கள். மார்க்கிராஃப் அந்த வாரத்தின் கடைசி நாட்களுக்கு, அல்லது அதற்கடுத்த பயணத்துக்கு இருக்கட்டும். உங்கள் தைரியத்தைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. ஆயத்தமில்லாமல் போனால் ஆபத்து ஒரு பக்கம் இருக்க, அந்தக் கப்பலில் உங்களுக்குப் பார்க்க எதுவுமே கிடைக்காது. அதற்கான காரணத்தைத்தான் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் கப்பல்கள் அங்கே எப்படி வந்தன என்று தெரிந்துகொள்ளுங்கள். கப்பல் எந்த வாட்டத்தில் கிடக்கிறது, எங்கே பிய்ந்திருக்கிறது, எதைக் காண முடியும் என்பதெல்லாம் அந்தக் கதையிலிருந்துதான் வருகிறது. முதல் உலகப் போரை நிறுத்திய 1918 நவம்பர் 11 ஒப்பந்தத்தின்படி ஜெர்மனியின் பெருங்கடல் கப்பற்படையைச் சேர்ந்த 74 கப்பல்கள் ஸ்காப்பா ஃப்ளோவுக்குக் கொண்டுவரப்பட்டு நிறுத்திவைக்கப்பட்டன. ஆர்க்னியின் தீவுகள் சுற்றி அரணாக நிற்கும் இயற்கைத் துறைமுகம் அது, பிரிட்டிஷ் கடற்படையின் முக்கியத் தளம். கப்பல்களில் ஜெர்மானிய மாலுமிகளே குறைந்த எண்ணிக்கையில் தங்கியிருந்தார்கள். பிரிட்டிஷ் காவலர்கள் கப்பலுக்குள் இல்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் இடம் கொடுத்தது இந்த ஒன்றுதான்.

மாதங்கள் ஓடின. பாரிஸில் சமாதானப் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. வென்ற நாடுகள் கப்பல்களைப் பங்குபோட்டுக்கொள்ளும் என்பது பொறுப்பிலிருந்த ரியர் அட்மிரல் லூட்விக் ஃபான் ராய்ட்டருக்குத் தெளிவாகிவிட்டது. 1919 ஜூன் 21 காலை, பிரிட்டிஷ் அணி பயிற்சிக்காக வெளிக்கடலுக்குப் போயிருந்த நேரத்தில், சுமார் 11:20 மணிக்கு அவர் கப்பல்களுக்குச் சைகை அனுப்பினார். முன்பே சுற்றுக்கு விட்டிருந்த உத்தரவின் பதினோராம் பத்தியை நிறைவேற்றச் சொன்ன சைகை அது. மாலுமிகள் அடித்தட்டு வால்வுகளைத் திறந்தார்கள். நீர் புகாத கதவுகளையும் வட்டச் சன்னல்களையும் திறந்தே விட்டார்கள். வெளியே நின்று பார்த்தவர்களுக்கு நண்பகல் வரை எதுவும் தெரியவில்லை. 12:16க்கு ஃப்ரீட்ரிஷ் டெர் கிராஸ்ஸ முதலில் மூழ்கியது. மாலை 5 மணிக்கு ஹிண்டன்பர்க் கடைசியாக. அன்று மட்டும் 52 கப்பல்கள் அடிக்குப் போயின. மீதியைப் பிரிட்டிஷார் ஆழம் குறைந்த இடங்களுக்கு இழுத்துக் கரைதட்ட வைத்தார்கள். ஸ்ட்ரோம்னெஸ் பள்ளிப் பிள்ளைகள் கப்பற்படையைச் சுற்றிப்பார்க்க அன்றைக்கு ஒரு படகில் போயிருந்தார்கள். கண்ணெதிரே கப்பல்கள் ஒவ்வொன்றாகப் புரண்டு மூழ்குவதை அந்தப் பிள்ளைகள் பார்த்தார்கள். குழப்பத்தில் ஒன்பது ஜெர்மானியர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் மார்க்கிராஃபின் கேப்டன் ஷூமான். வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது அதற்கு ஏழு நாள் கழித்து.

இதில் டைவருக்கு வேண்டிய விஷயம் இரண்டு. ஒன்று, இந்தக் கப்பல்கள் போரில் குண்டுபட்டு மூழ்கியவை அல்ல. முழுக் கப்பலாக, நங்கூரத்தில் நின்றபடியே, சொந்த மாலுமிகளின் கையால் மூழ்கியவை. அதனால்தான் நூறாண்டு கடந்தும் அவற்றில் கப்பலின் வடிவம் மிஞ்சியிருக்கிறது. இரண்டு, பெரிய போர்க்கப்பல்களின் மேல்தட்டில் பீரங்கிக் கூண்டுகளின் எடை மிக அதிகம். நீர் புகுந்ததும் அவை தலைகுப்புறக் கவிழ்ந்தன. குரூசர்கள் அவ்வளவு தலைக்கனமானவை அல்ல. எஞ்சியிருப்பவை நான்கும் பக்கவாட்டில் சாய்ந்து படுத்திருக்கின்றன.

மூழ்கிய 52இல் இன்று நாம் பார்க்கக்கூடிய பெரிய கப்பல்கள் ஏழு. கேனிக், க்ரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம், மார்க்கிராஃப் ஆகிய மூன்றும் போர்க்கப்பல்கள். ட்ரெஸ்டன், கேல்ன், கார்ல்ஸ்ரூஹ, ப்ரும்மர் ஆகிய நான்கும் குரூசர்கள். மற்றவை எங்கே என்றால், பழைய இரும்பாகப் போயின. எர்னஸ்ட் காக்ஸ் என்ற வியாபாரி, கப்பல் தூக்கிய முன் அனுபவம் சிறிதும் இல்லாமல், 1924இல் வேலையைத் தொடங்கி 26 நாசகாரிக் கப்பல்களையும் பிறகு பெரும் கப்பல்களையும் மேலே கொண்டுவந்தார். கவிழ்ந்து கிடந்த கப்பலின் அடிவயிற்றில் துளையிட்டு, காற்றடைப்பு அறைகள் கட்டி, உள்ளே தொழிலாளர்களை இறக்கி, ஓட்டைகளை அடைத்து, காற்றை அழுத்தி நிரப்பி மிதக்கவிட்டார்கள். அப்படித் தலைகீழாக மிதந்த கப்பல்களை அதே நிலையில் ஸ்காட்லாந்தின் ரோசைத் துறைமுகம் வரை இழுத்துப் போனார்கள். பொறியியல் வரலாற்றில் இதற்கு நிகரான துணிச்சலான வேலை எனக்கு அதிகம் தெரியாது. எஞ்சிய ஏழும் ஆழத்தில் கிடந்ததால் முழுதாகத் தூக்கக் கட்டுப்படியாகவில்லை. ஆனாலும் பிந்தைய பத்தாண்டுகளில் விலையுள்ள உலோகங்களுக்காக வெடிவைத்துத் திறந்தார்கள். 1945க்குப் பிந்தைய எஃகில் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கதிரியக்கத் துணுக்குகள் சேர்ந்துவிடும் என்பதால், அதற்கு முன் வார்த்த இந்த எஃகு நுண்ணிய கதிர்வீச்சு அளவைக் கருவிகள் செய்யவும் பயன்பட்டது. கப்பல்களின் நடுப்பகுதியில், எந்திர அறைகள் இருந்த இடத்தில், பெரும் கிழிசல்களைப் பார்த்தால் கடல் செய்த வேலை என்று எண்ணிவிடாதீர்கள். அது வெடிமருந்தின் வேலை.

இனி உங்கள் மார்க்கிராஃப். 175 மீட்டர் நீளம், 25,000 டன்னுக்கு மேல் எடை, 30.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து. 1916 மே 31இல் பிரிட்டிஷ் படையோடு மோதிய ஜட்லாண்ட் கடற்போரில் குண்டடி பட்டுத் தப்பி வந்த கப்பல். கடல்தரை சுமார் 45 மீட்டரில். கவிழ்ந்து கிடக்கும் அடிப்பகுதியின் உச்சி சுமார் 25 மீட்டரில். கேட்கும்போது உங்கள் சான்றிதழின் வரம்புக்குள் வருவது போலத் தோன்றும். கயிற்றைப் பிடித்து இறங்கினால் முதலில் காலுக்கடியில் வருவது ஒரு இரும்பு மைதானம். பாசியும் கடல்சாமந்திகளும் மூடிய, கொஞ்சம் வளைந்த சமவெளி. அது கப்பலின் அடிவயிறு. அங்கே நின்றுகொண்டு எந்தப் பக்கம் முன்பகுதி, எந்தப் பக்கம் பின்பகுதி என்று முதல்முறை வருகிறவர் சொல்லவே முடியாது. பார்க்க வேண்டியதெல்லாம் விளிம்பைத் தாண்டிச் செங்குத்தாகக் கீழே இருக்கிறது: கவசத் தகடுகள், பக்கப் பீரங்கிகள், பின்பக்கத்தில் இரட்டைச் சுக்கான்கள். விளிம்பைத் தாண்டியதும் வெளிச்சம் போய்விடும். 35, 40 மீட்டர் என்று ஆழம் ஏறிக்கொண்டே இருக்கும். முக்கியப் பீரங்கிகள் பெரும்பாலும் சேற்றுக்குள் புதைந்துவிட்டன. இத்தனைக்கும் நடுவே விரல் மரத்து, நைட்ரஜன் மயக்கம் லேசாகத் தலைக்கேறி, காற்றுமானியைப் பார்த்தால் பாதி போயிருக்கும். முப்பது மீட்டர் அனுபவத்தோடு அங்கே போகிறவர் பார்த்துத் திரும்புவது ஒரு பச்சை இருட்டுச் சுவரைத்தான். அதே ஆள் இரண்டு ஆண்டு கழித்துப் போனால், ஜட்லாண்டில் சுட்ட பக்கப் பீரங்கியை அதன் கவச அறையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கக் காண்பார்.

கேல்ன் அப்படியல்ல. 155 மீட்டர் நீளமுள்ள குரூசர், 1918இல்தான் படையில் சேர்ந்தது. வலது பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கிறது. தரை சுமார் 36 மீட்டர், மேலே தெரியும் இடது பக்கம் சுமார் 22 மீட்டர். கப்பலை நிமிர்த்தி மனக்கண்ணில் வைத்துப் பார்க்கத் தெரிந்தால் போதும், எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். முன்பக்கம் நங்கூரச் சங்கிலி சுற்றும் உருளைகள், கவசமிட்ட கட்டுப்பாட்டுக் கோபுரம், உயிர்காப்புப் படகுகளைத் தாங்கிய வளைந்த இரும்புக் கைகள், பின்பக்கம் 15 சென்டிமீட்டர் பீரங்கிகள். 25 மீட்டரில் பக்கவாட்டுச் சரிவில் நீந்திக்கொண்டே கீழே மேல்தட்டைப் பார்க்கலாம். முதல் நாளுக்கு இதைவிடப் பொருத்தமான கப்பல் அங்கே இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. ட்ரெஸ்டன் இதன் சகோதரிக் கப்பல், சரிவான தரையில் இடது பக்கமாகக் கிடக்கிறது. அதன் முன்பக்கத் தகடுகள் உடலைவிட்டுப் பிரிந்து வருவதைப் பார்த்தால் இரும்பு எப்படிச் சாகிறது என்று புரியும். கார்ல்ஸ்ரூஹ ஆழம் குறைந்தது, 27 மீட்டருக்குள். நன்றாகச் சிதைந்திருக்கிறது, ஆனால் மூன்றாம் நாள் களைப்பில் இறங்க இதமானது. ப்ரும்மர் கண்ணிவெடி விதைக்கும் குரூசர். 1917 அக்டோபரில் தன் சகோதரிக் கப்பல் ப்ரெம்ஸவோடு சேர்ந்து நார்வேயிலிருந்து வந்த வணிகக் கப்பல் தொடரைத் தாக்கி, காவலுக்கு வந்த இரண்டு பிரிட்டிஷ் நாசகாரிகளையும் மூழ்கடித்தது. இறங்கும் முன் இந்தக் கதையைப் படித்துவிட்டுப் போங்கள், அந்தக் கத்திமுனை போன்ற முகப்பைப் பார்க்கும்போது நெஞ்சில் தைக்கும்.

அந்தக் குரூசர்களைச் சரியாகப் பார்க்கவும் குளிரை முதலில் கையாளத் தெரிய வேண்டும். ஸ்காப்பா ஃப்ளோவின் தண்ணீர் மார்ச் வாக்கில் 6 டிகிரி, ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் 13 டிகிரி. அந்தமானில் உங்களுக்குப் பழக்கமானது 28. எண்களைப் பார்த்து, கொஞ்சம் தடிமனான உடை போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குளிர் உங்கள் டைவின் ஒவ்வொரு உறுப்பையும் மாற்றிவிடுகிறது.

உடையிலிருந்து தொடங்குவோம். வெட்சூட்டுக்குள் தண்ணீர் புகுந்து உடல் சூட்டில் வெதுவெதுப்பாகும். ட்ரைசூட்டுக்குள் தண்ணீர் வராது, காற்றுதான் இருக்கும். கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான வளையங்கள், உள்ளே கம்பளி போன்ற அடியுடை. சூடு தருவது அந்த அடியுடைதான், ட்ரைசூட் அதை நனையாமல் காக்கிறது, அவ்வளவே. ஆழம் போகப் போக உள்ளே உள்ள காற்று சுருங்கி உடை உடம்பைக் கவ்வும். அதனால் சிலிண்டரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று விட வேண்டும். ஏறும்போது அதே காற்று விரியும், தோளில் உள்ள வால்வு வழியாக வெளியேற்ற வேண்டும். தலை கீழாகவும் கால் மேலாகவும் போய்விட்டால் காற்றெல்லாம் பாதத்துக்கு ஓடிவிடும். தோள் வால்வு கீழே, காற்று மேலே. வெளியேற வழியில்லாத அந்தக் காற்று உங்களை மேலே இழுத்துக்கொண்டு போகும். 30 மீட்டரிலிருந்து அப்படி மேலே பறந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். உருண்டு நிமிர்வது எப்படி என்று நீச்சல்குளத்தில் கற்றுத் தருவார்கள், யோசிக்காமல் உடம்பு செய்யும் வரை அதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கப்பலின் சரிவில் பீரங்கியை எட்டிப் பார்க்கத் தலையைக் குனிக்கும் நொடியில்தான் அது தேவைப்படும்.

கைகள். இதைப் பற்றி யாரும் போதிய அளவு எச்சரிப்பதில்லை. 10 டிகிரியில் இருபது நிமிடம் கழித்து விரல்கள் உங்கள் பேச்சைக் கேட்காது. தடித்த கையுறை போட்டபடி கொக்கியைக் கழற்றுவது, ரீலைச் சுற்றுவது, வால்வைத் திருகுவது எல்லாம் வேறு வித்தைகள். வெதுநீரில் தன்னியல்பாகச் செய்கிற ஒவ்வொன்றையும் கையுறையோடு மறுபடி பழகுங்கள். நீர் புகாத உலர் கையுறைகளுக்குச் செலவழித்த பணம் வீண் போகாது.

அடுத்தது ரெகுலேட்டர், அதாவது சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து வாய்க்குத் தரும் கருவி. இங்கேதான் உயிர் இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள். சிலிண்டரில் 230 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்று, சிலிண்டர் வால்வில் மாட்டும் பகுதியான முதல் கட்டத்தில் சட்டென்று பத்துப் பார் அளவுக்கு விரிகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடாகும் அல்லவா, இது அதன் மறுதலை. விரியும் காற்று குளிர்கிறது. சுற்றியுள்ள நீர் 28 டிகிரியாக இருந்தால் அந்தக் குளிர்ச்சியை நீரே ஈடுகட்டிவிடும். 10 டிகிரிக்குக் கீழே போனால் ஈடுகட்ட முடியாமல் உள்பாகங்களில் பனி படிந்து, வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்ளலாம். காற்று நிற்காமல் கொட்டும். ஃப்ரீ ஃப்ளோ என்று சொல்வது இதைத்தான். ஆழத்தில் ஒரு சிலிண்டரைக் காலியாக்க அதற்குச் சில நிமிடம் போதும். குளிர்நீருக்கென்று செய்த, உள்ளே தண்ணீர் தொடாதபடி அடைத்த முதல் கட்டம் உள்ள ரெகுலேட்டர்தான் வேண்டும், பழுதுபார்த்து ஓராண்டுக்குள் இருக்க வேண்டும். படகில் நின்றுகொண்டு ஈரக்காற்றில் அதை வாயில் வைத்து ஊதிப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். ஆழத்தில் மூச்சு இழுக்கும் அதே நேரத்தில் ட்ரைசூட்டுக்கும், மிதப்பைக் கட்டுப்படுத்தும் அங்கியான பிசிடிக்கும் நீளமாகக் காற்று விடாதீர்கள். குட்டிக் குட்டியாக விடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தனித்தனி வால்வுகளில் இரண்டு முதல் கட்டங்கள் இருக்கட்டும். ஒன்று கொட்ட ஆரம்பித்தால் அதை மூடிவிட்டு மற்றதில் மூச்சு விடலாம். வால்வைக் கையெட்டி மூடுவதை ட்ரைசூட்டும் கையுறையும் போட்டுப் பயிற்சி செய்திருக்க வேண்டும். வெறும் கருவி இருந்து பயனில்லை.

காற்றுக் கணக்கு ஒன்று போடுவோம். 36 மீட்டரில் அழுத்தம் 4.6 பார். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுகிறவருக்கு அங்கே 92 லிட்டர் செலவாகும். 12 லிட்டர் சிலிண்டர் ஒன்றில் 230 பார் என்றால் மொத்தம் 2,760 லிட்டர். 50 பார் ஒதுக்கிவைத்தால் 2,160. கீழே எல்லாம் செலவழித்தாலே 23 நிமிடம்தான், ஏறி வருவதற்கும் நிறுத்தங்களுக்கும் கழித்தால் பார்க்கக் கிடைப்பது கால் மணி நேரத்தை ஒட்டித்தான். இத்தனைக்கும் குளிரிலும் பதற்றத்திலும் 20 லிட்டர் சுலபமாக 25 ஆகிவிடும். ஸ்காப்பா ஃப்ளோவில் இரட்டைச் சிலிண்டர்களோடு ஏன் இறங்குகிறார்கள் என்று இதிலிருந்தே விளங்கும். நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூட்டிய காற்றுக் கலவை, பற்றிய படிப்பையும் முடித்துவிடுங்கள். ஆக்சிஜனின் பங்கு அழுத்தம் 1.4 பாரைத் தாண்டக் கூடாது என்ற வரம்பில், 28 விழுக்காடு ஆக்சிஜன் கலவையை 40 மீட்டர் வரை பயன்படுத்தலாம், 32 விழுக்காட்டுக்கு வரம்பு 33 மீட்டர் சொச்சம். கேல்னின் மேல்பகுதிக்கு 32 அருமை, தரையைத் தொட நினைத்தால் கூடாது. எந்தக் கலவை சிலிண்டரில் இருக்கிறது என்பதை நீங்களே அளந்து, எழுதி ஒட்டிய பிறகே இறங்குங்கள்.

அடுத்து, உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்காக ஏறி வரும்போது நிற்கிற நிறுத்தங்கள். கீழே சுறுசுறுப்பாக, சூடாக இருக்கும்போது திசுக்களுக்கு இரத்தம் நன்றாகப் பாய்ந்து நைட்ரஜன் தாராளமாகக் கரைகிறது. பிறகு 6 மீட்டரில் அசையாமல் நிற்கும்போது குளிர் ஏறி, கை கால்களுக்கு இரத்தம் குறைந்து, கரைந்த நைட்ரஜன் வெளியேறத் தாமதமாகிறது. அமெரிக்கக் கடற்படை 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: கீழே சூடாகவும் ஏறும்போது குளிராகவும் இருப்பதுதான் மிக மோசமான சேர்க்கை. உங்கள் டைவ் கம்ப்யூட்டர் தண்ணீரின் வெப்பநிலையைக் காட்டும், உங்கள் விரல்களில் எவ்வளவு இரத்தம் ஓடுகிறது என்பது அதற்குத் தெரியாது. ஆகவே கம்ப்யூட்டரின் அமைப்பைக் கூடுதல் எச்சரிக்கையான பக்கம் வையுங்கள். மின்சூட்டு உள்ளாடை இருந்தால் கீழே முழுச் சூட்டில் ஓடவிட்டு, ஏறும்போது பேட்டரி தீர்ந்து நிற்காதீர்கள். குளிரில் சிறுநீர் அடிக்கடி வரும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இறங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். உடலில் நீர் வற்றினால் நைட்ரஜன் வெளியேறுவது இன்னும் கெடும். குடியுங்கள்.

அங்கே ஒரு டைவ் நடக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் பழக்கத்திலிருந்து மாறுபடும். பெரும்பாலான படகுகள் ஸ்ட்ரோம்னெஸ் ஊரிலிருந்து கிளம்பும். பலவும் பழைய மீன்பிடிக் கப்பல்களை மாற்றியமைத்தவை. வாரம் முழுக்கத் தங்கிச் சாப்பிட்டுத் தூங்கும் வசதியுள்ளவையும் உண்டு. காவா தீவை ஒட்டிய நீர்ப்பரப்பில்தான் ஏழு கப்பல்களும் கிடக்கின்றன. கப்பலின் மேல் கட்டிய மிதவைக் கயிற்றைப் பிடித்து இறங்குவீர்கள். திரும்பும்போது அதே கயிற்றுக்கு வர முடியாமல் போகலாம், ஆகவே ரீலில் கட்டிய மிதவைப் பையை நீங்களே கீழிருந்து மேலே விட்டு, அதைப் பிடித்தபடி நிறுத்தங்களை முடித்து எழ வேண்டும். படகோட்டி அந்தப் பையைப் பார்த்து வந்து, படகின் பக்கத்தில் உள்ள தூக்கு மேடையில் ஏற்றிக்கொள்வார். அந்தமானைப் போல வழிகாட்டி ஒருவர் முன்னால் நீந்த, நாம் பின்னால் போவது இங்கே வழக்கமில்லை. கேட்டால் ஏற்பாடு செய்யலாம், முதல் இரண்டு நாளுக்குக் கேளுங்கள் என்பேன். மற்றபடி படகோட்டி பலகையில் கப்பலை வரைந்து காட்டுவார். திட்டம், காற்று, திரும்பும் நேரம், எல்லாம் நீங்களும் கூட வரும் டைவரும் போட்டுக்கொள்வது. இதற்குத் தயாரா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள், சான்றிதழ் அட்டை இதற்குப் பதில் சொல்லாது.

கப்பலுக்குள் நுழைவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: வேண்டாம். நூறாண்டு உப்புநீரில் ஊறிய தகடுகள் இவை. முந்தைய ஆண்டு திறந்திருந்த வழி இந்த ஆண்டு சரிந்திருக்கும். உள்ளே படிந்திருக்கும் துருத்தூளும் சேறும் ஒரு ஃபின் அசைவில் எழுந்து கண்ணை மறைக்கும். க்ரோன்பிரின்ஸ் வில்ஹெல்மின் கீழே குனிந்து போனால் 30.5 சென்டிமீட்டர் பீரங்கிகளைக் காணலாம் என்று ஆசை காட்டுவார்கள். காணலாம், உண்மைதான். ஆனால் அப்போது உங்கள் தலைக்கு மேல் ஒரு முழுப் போர்க்கப்பல் இருக்கிறது. நேராக மேலே எழ முடியாத எந்த இடமும் கப்பலின் உள்ளே என்றுதான் அர்த்தம். அதற்கென்று பயிற்சி எடுத்த பிறகு போகலாம்.

எதையும் எடுக்கவும் கூடாது. ஏழு கப்பல்களும் 2001 முதல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட தொன்மைச் சின்னங்கள். பார்க்கலாம், படமெடுக்கலாம். ஒரு ஆணியைக் கழற்றினாலும் குற்றம். இவற்றில் நான்கு கப்பல்கள் தனியாருக்குச் சொந்தமாக இருந்து, 2019இல் ஈபே வழியாக விற்கப்பட்டன: போர்க்கப்பல்கள் ஒவ்வொன்றும் 25,500 பவுண்டு, கார்ல்ஸ்ரூஹ 8,500 பவுண்டு. வாங்கியவர்களுக்கும் அதே சட்டம்தான். சொந்தக்காரரே கைவைக்க முடியாது என்றால் நமக்கு என்ன உரிமை?

ஒரு கப்பலை மட்டும் பார்க்கவே முடியாது. 1939 அக்டோபர் 14 அதிகாலையில் ஜெர்மானிய நீர்மூழ்கி யூ-47 உள்ளே புகுந்து மூழ்கடித்த ராயல் ஓக். 835 பேர் இறந்தார்கள், அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் 18 வயது நிரம்பாத சிறுவர்கள். அது போர்க் கல்லறை. பொதுமக்கள் இறங்கத் தடை உண்டு. 1917 ஜூலையில் வெடித்துச் சிதறிய வான்கார்டுக்கும் அதே தடை. உங்கள் நண்பர்களில் யாராவது கிண்டலாக அதைப் பற்றிப் பேசினால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். ஆர்க்னியில் அந்தப் பெயரை மரியாதையோடுதான் சொல்வார்கள்.

மாறாக, ஸ்காப்பா ஃப்ளோவுக்குள் நுழையும் வழிகளை அடைக்க வேண்டுமென்றே மூழ்கடித்த பழைய சரக்குக் கப்பல்களைப் பாருங்கள். பர்ரா சவுண்டில் கிடக்கும் டபார்க்கா பத்துப் பதினைந்து மீட்டர்தான், தண்ணீர் கண்ணாடியாக இருக்கும், ஒளி ஓட்டைகள் வழியாகக் கப்பலுக்குள் விழும். ஆனால் அங்கே நீரோட்டம் கடுமை. ஓதம் மாறும் சிறிய இடைவெளியில் மட்டுமே இறங்க முடியும், அந்த நேரத்தைப் படகோட்டி சொல்வார், சொன்ன நொடியில் குதிக்க வேண்டும். பெரும் கப்பல்களின் பச்சை இருட்டில் நாலு நாள் கழித்த பிறகு அந்த டைவ் மனதைத் துள்ள வைக்கும்.

இனி உங்கள் நாட்காட்டி. எடின்பரோவிலிருந்து செயின்ட் ஆப்ஸ் என்ற கடற்கரை ஊர் பக்கம்தான், ட்ரைசூட் படிப்பை முடித்ததும் அங்கே கரையிலிருந்து தொடங்குங்கள். தண்ணீர் ஸ்காட்லாந்தின் அளவுகோலில் தெளிவு. பிறகு லாக் ஃபைன், லாக் லாங் போன்ற கடற்கழிகள். இருட்டு, சேறு, 8 டிகிரி. அழகில்லை, ஆனால் டார்ச் வெளிச்சத்தில் பதறாமல் கையுறையோடு வேலை செய்ய அங்கேதான் வரும். அதன் பிறகு மல் நீரிணையில் 1954இல் மூழ்கிய ஹிஸ்பானியா. நிமிர்ந்து நிற்கும், கடல்சாமந்தி மூடிய அழகான கப்பல், ஸ்காப்பாவுக்கு நேர் ஒத்திகை. இடையில் நைட்ராக்ஸும், நிறுத்தங்களோடு கூடிய ஆழ டைவ் பயிற்சியும். பிரிட்டிஷ் டைவர்கள் சங்கமான பி.எஸ்.ஏ.சி.யின் கிளப் ஒன்றில் சேர்ந்தால் இவை எல்லாமே குறைந்த செலவில் ஒரே கூட்டத்தோடு நடக்கும். இந்த நாட்டில் குளிர்நீர் டைவிங் வளர்ந்ததே கிளப்புகளால்தான்.

இத்தனையும் ஜூனுக்குள் முடியாது. முடிந்தாலும் ஜூன் தண்ணீர் 10 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், வசந்தத்தின் மிதவை உயிரிகள் சில ஆண்டுகளில் அப்போதும் தண்ணீரைக் கலக்கி வைத்திருக்கும். நண்பர்களை ஜூனில் போகச் சொல்லுங்கள், படகின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அடுத்த ஆண்டு செப்டம்பர் முதல் இரண்டு வாரங்களில் ஓர் இடத்தைப் பதிவு செய்யுங்கள். ஆண்டிலேயே தண்ணீர் வெதுவெதுப்பான காலம் அது, பகல் இன்னும் போதுமான நீளம். நல்ல படகுகள் ஓராண்டு முன்பே நிறைந்துவிடும், ஆகவே இப்போதே தொலைபேசியில் பேசுங்கள். பேசும்போது உங்கள் அனுபவத்தை உள்ளபடி சொல்லி, முதல் நாள் கேல்ன், இரண்டாம் நாள் ட்ரெஸ்டன், நடுவே கார்ல்ஸ்ரூஹ என்று கேளுங்கள். ஒருநாள் காற்று அடித்து டைவ் நடக்காவிட்டால் ஹாய் தீவின் லைனஸுக்குப் படகு ஏறிப் போங்கள். அங்கே ஸ்காப்பா ஃப்ளோ அருங்காட்சியகமும், 1919இல் சுடப்பட்ட ஜெர்மானியர்கள் அடக்கமான கடற்படைக் கல்லறையும் இருக்கின்றன. வாரக் கடைசியில் படகோட்டி உங்களைப் பார்த்து மார்க்கிராஃபுக்கு வருகிறீர்களா என்று அவராகக் கேட்டால், போங்கள்.